இவர்களுக்கு மட்டும்

மூன்று பேர்தான் பார்த்திருந்தார்கள். அதைக் கண்டதும் செண்பகவல்லிக்கு முதலில் வந்தது பயம் இல்லை, மனத்தாங்கல். ஸ்டேட்டஸ் போட்டது ஏழேகாலுக்கு, இப்போது மணி ஏழு ஐம்பது, சாதாரணமாக வாசல் கோலத்தைப் படம் பிடித்துப் போட்டாலே அரை மணி நேரத்தில் அறுபது பேர் பார்த்துவிடுவார்கள், இன்றைக்கு மட்டும் என்ன, நானூற்றுச் சொச்சம் பேரும் ஒரே நேரத்தில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார்களா, இல்லை கல்லூரி விளம்பரம் என்றதும் எல்லோரும் தள்ளிவிட்டுப் போய்விட்டார்களா. கல்லூரிப் பேருந்து பாலவநத்தம் நிறுத்தத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்குள் எல்லா ஆசிரியர்களும் சேர்க்கை விளம்பரத்தை ஸ்டேட்டஸில் வைத்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊழியர் குழுவில் போட வேண்டும், இது முதல்வரின் உத்தரவு, மே மாதம் வந்தால் இதுவும் பாடம் நடத்துவதைப் போல ஒரு வேலை. மூன்று என்ற எண்ணை வைத்துக்கொண்டு குழுவில் எப்படிப் போடுவது, சிரிப்பார்கள். சரி, அந்த மூன்று புண்ணியவான்கள் யார் என்று பார்ப்போம் என்று கண் படத்தின் மேல் விரலை வைத்தாள். முதல்வர் அரியநாயகம். கல்லூரிச் செயலர். துறைத் தலைவர் காந்திமதி. பேருந்து கிளம்பியது, அவள் வயிறு மட்டும் பாலவநத்தத்திலேயே நின்றுவிட்டது.

அந்த மூன்று பேரும் பார்க்கக் கூடாது என்றுதானே அவ்வளவு பாடுபட்டாள். காலையில் அடுப்பில் பால் இருக்க, நின்ற வாக்கில், ஒவ்வொரு பெயராகத் தேடித் தேடி மூன்று பெயருக்குப் பக்கத்திலும் டிக் போட்டாளே. தமிழாசிரியை ஃபோனும் தமிழில்தான் பேச வேண்டும் என்று ஜம்பமாக மொழியை மாற்றி வைத்திருந்தாள், அதில் வரிசையாக மூன்று வரி, எல்லாத் தொடர்புகளுக்கும், இவர்களைத் தவிர, இவர்களுக்கு மட்டும். தவிர என்பதில் கை வைக்க வேண்டியவள் மட்டும் என்பதில் வைத்திருக்கிறாள். அவ்வளவுதான். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இடைச்சொல் நடத்தும்போது இந்த இரண்டையும்தான் அவள் எப்போதும் எடுத்துக்காட்டுவாள், ராமுவைத் தவிர எல்லோரும் வந்தார்கள், ராமு மட்டும் வந்தான், ஒரு சொல்லில் உலகமே தலைகீழாகிறது பாருங்கள் என்று கையை வேறு கவிழ்த்துக் காட்டுவாள். ராமு மட்டும் வந்திருக்கிறான். மூன்று ராமு. அவள் அவசரமாக அழித்தாள், நிச்சயமாக அழிக்கவா என்று ஃபோன் கேட்டது, அந்த நேரத்தில் அதற்கு ஒரு மரியாதை, ஆமாம் ஆமாம் ஆமாம் என்று மூன்று தரம் அமுக்கினாள். போய்விட்டது. ஃபோனிலிருந்து போய்விட்டது, அந்த மூன்று பேரின் கண்ணிலிருந்து எதை அமுக்கி அழிப்பது.

இத்தனைக்கும் தவறு அவளுடையது இல்லை, அதுதான் ஆத்திரம். நேற்று மாலை வந்த விளம்பரத்தில் நடுவில் அவளுடைய படம். கேட்கவே இல்லை. பொங்கலன்று ஊழியர் குழுவில் வாழ்த்துச் சொல்லி, கோலத்துக்குப் பக்கத்தில் மகள் இதழியோடு நிற்கிற படத்தைப் போட்டிருந்தாள், அதிலிருந்து அவளை மட்டும் வெட்டியெடுத்து, கையில் ஒரு புத்தகத்தையும் ஒட்டி, பின்னால் கல்லூரிக் கட்டடத்தை நிறுத்தியிருந்தார்கள். வெட்டியவனுக்குக் கை நிதானம் இல்லை, இதழியின் மருதாணி வைத்த நான்கு விரல்கள் அவள் தோளில் அப்படியே இருந்தன, உடம்பில்லாத விரல்கள், பார்க்கிறவர்களுக்கு அது என்னவென்றே புரியாது, பெற்றவளுக்குத்தான் பதறும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவள் மோவாய்க்குக் கீழே கொட்டை எழுத்தில், உங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தை ஒழிமயமாக்குவோம். ஒளியில் வர வேண்டிய ளகரத்துக்குப் பதில் ழகரம். ஒளி போய் ஒழி வந்து, அதற்கு மேலே சிரித்துக்கொண்டு முனைவர் செண்பகவல்லி, தமிழ்த்துறை. இதை அவள் கையாலேயே நானூறு பேருக்குக் காட்ட வேண்டுமாம். அதில் பாதிப் பேர் மதுரையில் அவளோடு தமிழ் படித்தவர்கள், கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப் பிழை கண்டாலே மொய் எழுத யோசிக்கிற கூட்டம். அவர்கள் முன்னால் எனக்குத் தெரியாமல் இல்லையப்பா என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது. அதனால்தான் படத்துக்கு அடியில் ஒரு வரி எழுதினாள். ஒரே ஒரு எழுத்து தவறி, உண்மை வெளியே வந்துவிட்டது. கூடவே சிரிக்கிற முகம் இரண்டு. அரை மணி நேரம் கிடக்கட்டும், பிறகு எடுத்துவிட்டு வெறும் படத்தைப் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. கெட்டிக்காரத்தனம் கொஞ்சமா நஞ்சமா.

“இந்தாடி, ஒரு இட்லி எடுத்துக்கோ,” என்று பக்கத்து இருக்கையில் ஜெனிட்டா டப்பாவை நீட்டினாள். வணிகவியல் துறை, இரண்டு வருடமாக இதே இருக்கை, ஜன்னல் ஓரம் செண்பாவுக்கு, ஓரத்துக் கம்பி ஜெனிட்டாவுக்கு. “ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு? பேய் அறைஞ்ச மாதிரி.” வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இவளிடம் சொல்லிவிடலாமா, சொன்னால் என்ன ஆகும், விழுந்து விழுந்து சிரிப்பாள், பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதாவது வழி சொல்வாள், நல்லவள்தான், ஆனால் அவள் வாய்க்குக் கதவு கிடையாது, மதியத்துக்குள் கேன்டீன்வரை போய்விடும். “உன் ஸ்டேட்டஸ் எனக்கு வரலையே, இன்னும் போடலையா? எட்டாகப் போகுது பாரு,” என்றாள் ஜெனிட்டா, இட்லியை மென்றபடியே. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒழிமயம்! நீதான்டி பிழை திருத்துனியா?” என்று முழங்கையால் இடித்தாள். செண்பா சிரித்தாள். சிரிப்பு எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை, உதடு தானாகப் போய்த் தன் வேலையைச் செய்துவிட்டு வந்தது.

ஒருவேளை வாசித்திருக்க மாட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டாள். முதல்வருக்கு நூற்றிருபது ஆசிரியர்கள், நூற்றிருபது பேரும் இதே படம், அவர் என்ன ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டியா படிப்பார், போட்டிருக்கிறாளா, ஆம், அடுத்தது, போட்டிருக்கிறாரா, ஆம், அடுத்தது, அப்படித்தானே போவார், காலையில் நடைப்பயிற்சி வேறு, நகராட்சி மைதானத்தில் காதில் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறவர், வியர்வை விரலில் ஃபோன் நிற்கவா செய்யும். செயலர் ஐயாவுக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்துப் பார்வை கிடையாது. ஆனால் காந்திமதி மேடம். காந்திமதி மேடம் மாத்திரை அட்டையைக்கூட விடாமல் வாசிக்கிறவர், வாசித்ததைக் கணவருக்கும் உரக்க வாசித்துக் காட்டுகிறவர், வினாத்தாளில் கால்புள்ளி ஒன்று அதிகமாக இருந்ததற்கு ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தவர். அவர் வாசித்திருப்பார். வாசித்துவிட்டு என்ன நினைத்திருப்பார், உண்மை வெளியே வந்துவிட்டது, எந்த உண்மை, நாம் பிள்ளைகளின் எதிர்காலத்தை ஒழிக்கிறோம் என்ற உண்மை, அப்படியானால் துறைத் தலைவரான நான் ஒழிப்புத்துறைத் தலைவரா. அந்த வரியை எழுதியபோது அப்படியெல்லாம் நினைத்து எழுதினாளா என்ன. நினைத்துத்தான் எழுதினாள். போன செமஸ்டரில் மூன்று மாதம் ஆங்கிலத்துக்கு ஆளே இல்லாமல், தமிழ்க்காரி அவளையே அனுப்பி வகுப்பைச் சமாளிக்கச் சொன்னபோது, கடைசிப் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, மேடம் நாங்க இதுல பாஸ் ஆவோமா என்று கேட்டாள், அந்தக் கேள்விதான் அந்த வரி. உண்மையாக இருப்பதுதான் வம்பே. பொய்யை எழுதியிருந்தால் மன்னிப்புக் கேட்பது சுலபம்.

வெள்ளிக்கிழமை. இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமையோடு இரண்டு வருடத் தகுதிகாண் பருவம் முடிகிறது, அன்றைக்குப் பணி உறுதி ஆணை கைக்கு வர வேண்டும். இது ஐந்தாவது கல்லூரி. மதுரையில் இரண்டு, சாத்தூரில் ஒன்று, ராஜபாளையத்தில் ஒன்று, எல்லாவற்றிலும் ஜூன் வந்தால் மறுபடி கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் கைப்பையில் சான்றிதழ் நகல்களோடே திரிந்தவள். முப்பத்தொன்பது வயதில் இன்னொரு நேர்முகத் தேர்வுக்குப் போய் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கிற பெண் அக்கா நீங்க யாருக்குத் துணையா வந்தீங்க என்று கேட்கும். போன முறை கேட்டது. கணவன் கதிரேசன் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன், கோபம் வராதவன், ஆனால் மதுரை வேலை போனபோது அவன் சொன்ன ஒரே வாக்கியம், உனக்கு எதுக்கு செண்பா இந்த எழுத்து, இன்னும் காதில் இருக்கிறது. அவன் திட்டியிருந்தால் மறந்திருப்பாள்.

எழுத்தென்றால் அப்படி ஒன்றும் பெரிய எழுத்தில்லை. முகநூலில் அவ்வப்போது நாலு வரிக் கவிதை, பேருந்தில் பார்த்தது, சமையலில் தோன்றியது. ராஜபாளையம் நேர்முகத் தேர்வில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் அவளுடைய சான்றிதழைப் பார்க்காமல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு நிமிர்ந்து, கவிதையெல்லாம் எழுதுவீங்களோ என்று கேட்டார். அந்த ‘எழுதுவீங்களோ’வில் இருந்தது என்னவென்று இன்றுவரை அவளால் சொல்ல முடியாது, ஆனால் யாரோ துணி அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டது போலக் கூசியது. அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருநூறு பதிவுகளை அழித்தாள். கணக்கைப் பூட்டினாள். கல்யாணப் படங்களை எடுத்தாள், அதற்குள் ஒரு மாணவன் அதில் ஒன்றைக் கண்டுபிடித்து வகுப்புக் குழுவில் போட்டிருந்தான், மாலையும் கழுத்துமாக அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற படம். போன வருடம் இதே பேருந்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தபோது யாரோ எடுத்த படம் கல்லூரியையே சுற்றி வந்தது, அன்றிலிருந்து பேருந்தில் தூங்குவதில்லை, கொட்டாவி வந்தாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். இவ்வளவு காபந்து பண்ணியவள். சாத்தூர்க் கல்லூரியில் பாலகுரு என்று இயற்பியல் ஆசிரியர் ஒருவர், விடுதிச் சாம்பாரைப் பற்றி மாணவன் ஒருவன் போட்ட பதிவுக்குச் சிரிப்புக் குறி வைத்தார், ஒரே ஒரு குறி, ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, அடுத்த ஜூனில் அவரைக் கூப்பிடவில்லை, காரணமும் சொல்லவில்லை. இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது, புரொஃபைல் படத்தில் ஒரு ரோஜாப்பூ இருக்கிறது. ஒரு சிரிப்புக் குறிக்கே அது. அவள் இரண்டு வைத்திருந்தாள்.

ஜெனிட்டாவின் ஃபோன் அடித்தது. “சொல்லுங்க சார்,” என்றாள், பிறகு, “இல்லையே சார், எனக்கு எதுவும் வரலையே,” என்றாள், “ஆமா சார், பக்கத்துலதான் இருக்காங்க, குடுக்கவா? சரிங்க சார், சரிங்க.” வைத்துவிட்டு மெதுவாகத் திரும்பினாள். “ஆபீஸ் சூப்பிரண்ட். செண்பகவல்லி மேடம் ஏதாச்சும் ஸ்டேட்டஸ் போட்டாங்களா, உங்களுக்கு வந்துச்சான்னு கேக்குறாரு. என்னடி பண்ணுன?” இதுதான் சொல்ல வேண்டிய நேரம். ஜெனிட்டாவின் கண்ணில் விளையாட்டு இல்லை, அக்கறைதான் இருந்தது, விரலில் சட்னி ஒட்டியிருந்தது. “ஒண்ணுமில்ல. போட மறந்துட்டேன், அதான் கேட்டிருப்பாங்க,” என்றாள் செண்பா. “அதுக்கு எனக்கு எதுக்குப் போன் பண்ணணும்?” என்று கேட்டுவிட்டு ஜெனிட்டா டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். அந்த மூடுகிற சத்தம் தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது.

விசாரிக்கிறார்கள். அப்படியென்றால் வாசித்துவிட்டார்கள். எத்தனை பேருக்குப் பரவியது என்று கணக்கெடுக்கிறார்கள். என்ன சொல்வது, பிள்ளை கையில் ஃபோன் இருந்தது சார், அவள்தான் எதையோ அமுக்கிவிட்டாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளை இவ்வளவு சுத்தமாக ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதுமா, காந்திமதி மேடம் நம்ப மாட்டார். யாரோ என் ஃபோனை ஹேக் பண்ணிவிட்டார்கள், யார், எதற்கு, ஹேக் பண்ணியவனுக்கு ளகர ழகர அக்கறை எதற்கு. வேறு யாரோ அனுப்பியதைத் தெரியாமல் போட்டுவிட்டேன் சார், யார் அனுப்பியது என்று கேட்பார்கள், அதற்கு ஒரு பெயர் வேண்டும், ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஒரு பெயர் மனதில் வந்தே விட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் பெயர், சீ என்று தலையை உதறிக்கொண்டாள், ஆனால் வந்தது வந்ததுதான். மனம் எவ்வளவு சீக்கிரம் ஆளைத் தேடுகிறது. அப்போது அவளுடைய ஃபோன் அதிர்ந்தது. முதல்வர். ஒன்பதேகாலுக்கு என் அறைக்கு வரவும். வணக்கம் இல்லை, காலை வணக்கப் பூ இல்லை, வரவும் என்பதற்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி. முதல்வர் முற்றுப்புள்ளி வைத்து அவள் பார்த்ததே இல்லை.

எட்டாகிவிட்டது. குழுவில் ஸ்கிரீன்ஷாட்டுகள் வந்து விழுந்துகொண்டிருந்தன, வேதியியல் எண்பத்தேழு, உடற்கல்வி நூற்றுநாற்பது, ஜெனிட்டா ஐம்பத்திரண்டு. செண்பா அந்தப் படத்தை மறுபடி எடுத்தாள். இந்த முறை ஒரு வரியும் எழுதவில்லை. அமைப்புக்குள் போய் எல்லாத் தொடர்புகளுக்கும் என்பதை இரண்டு தரம் வாசித்துப் பார்த்து அமுக்கினாள். தன் முகத்தை, தன் மகளின் விரல்களை, அந்த ழகரத்தை, நானூற்றுச் சொச்சம் பேருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். பத்து, பதினெட்டு, முப்பத்தொன்று என்று எண் ஏறியது. மதுரையில் கூடப் படித்த திலகா உடனே பதில் போட்டாள், ஏம்மா தமிழ் டாக்டரே, ஒழிமயமா, கூட உருண்டு சிரிக்கிற முகம் ஐந்து. இன்னொருத்தி வெறும் கேள்விக்குறி. அதற்குப் பதில் அவளிடம் இருந்தது, காலையில் எழுதி அழித்த அதே வரி, ஆனால் இப்போது அதை யாருக்கும் அனுப்ப முடியாது. வெட்கம் காதுவரை சுட்டது. முப்பத்தொன்றோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டாள். முதல்வர் உடனே கட்டைவிரலை உயர்த்தினார். எல்லோருக்கும் உயர்த்துவார், அவளுக்கும் உயர்த்தினார், அதில் என்ன தெரிகிறது, ஒன்றும் தெரியவில்லை, அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், கட்டைவிரல் கட்டைவிரலாகத்தான் இருந்தது.

அருப்புக்கோட்டை வந்தது. புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில், இரண்டாள் உயரத்துக்கு அவள் நின்றுகொண்டிருந்தாள். நேற்றுவரை அந்த ஃபிளெக்ஸ் அங்கே இல்லை. “மேடம், நீங்க! மேடம், நீங்க!” என்று பின்னாலிருந்து பெண்கள் கத்தினார்கள், நான்கைந்து ஃபோன்கள் ஜன்னலுக்கு வெளியே நீண்டன. தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததில்லை. மூக்குத்தி ஒரு தட்டு அளவு இருந்தது. கீழே நின்று பேருந்துக்காகக் காத்திருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார், பிறகு பேருந்துக்குள் அவளைப் பார்த்தார், பிறகு மறுபடி படத்தை. செண்பா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாளுக்குத் தன் மேல் என்ன கோபம் இருக்க முடியும், ஒன்றும் இல்லை, ஒருவேளை புடவை நன்றாக இருக்கிறது என்று பார்த்திருப்பார், ஆனாலும் உலகத்தில் இருக்கிற எல்லோரும் அவளைப் பற்றி எதையோ வாசித்து முடித்துவிட்டார்கள், அவள் மட்டும் இன்னும் வாசிக்கவில்லை என்று தோன்றியது. பந்தல்குடிச் சாலையில் திரும்பியதும் கருவேலங்காடு வந்தது. அதற்குமேல் கல்லூரிவரை அவள் எதையும் யோசிக்கவில்லை, வேலை போனால் கதிரேசனிடம் முதலில் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உக்காருங்க மேடம்,” என்றார் முதல்வர் அரியநாயகம். உட்கார்ந்தாள். மின்விசிறிக்கு மேசைத் தாள்கள் படபடத்தன, அவர் ஒவ்வொன்றின் மேலும் ஏதாவது ஒரு கனத்தை எடுத்து வைத்துக்கொண்டே பேசினார். “காலையில உங்க ஸ்டேட்டஸப் பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு.” சார் என்று ஆரம்பித்தாள், இல்லை, அவள் ஆரம்பிக்கவே இல்லை, சார் என்ற சொல் வாய்க்குள்ளேயே நின்றது, அவர்தான் கையை உயர்த்தினார். “இருங்க. ஊர் பூராவும் போட்டுட்டாங்களே, காலேஜ் மானம் போச்சேன்னு காந்திமதி மேடத்துக்குப் போன் போட்டேன். அவங்களும் பாத்திருக்காங்க. செயலர் ஐயாவும் பாத்துட்டாரு. சரி, வேற யார் யாரு பாத்தாங்கன்னு ஆபீஸ்ல விட்டு விசாரிச்சா, ஒருத்தருக்கும் வரலேங்கிறாங்க. உங்க பக்கத்துல உக்காந்து வர்றவங்களுக்கே வரல! அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. எங்க மூணு பேருக்கு மட்டும் காட்டியிருக்கீங்க.” அவர் சிரித்தார். “ஐயா என்ன சொன்னாரு தெரியுமா? தப்பக் கண்டா தெருவுல சொல்லாம, சொல்ல வேண்டிய எடத்துல மட்டும் சொல்லியிருக்கு பாருய்யா அந்தப் பொண்ணு, அதுதான்யா விசுவாசம்னாரு. அதோட விட்டீங்களா? நாங்க பாத்ததும் அத எடுத்துட்டு, எல்லாருக்கும் எழுத்துப் பிழையோடயே போட்டீங்க, உங்க மூஞ்சியும் அதுல இருக்குங்கிறதப் பாக்காம. காலேஜ விட்டுக்குடுக்கல. நக்கல் கொஞ்சம் தூக்கல்தான். பரவால்ல, உறைக்கிற மாதிரி சொன்னாத்தானே எங்களுக்கும் உறைக்கும்.”

பிழைத்துவிட்டோமா, இவ்வளவுதானா, இப்படியும் நடக்குமா. “வெள்ளிக்கிழமை ஆர்டர் கையெழுத்தாயிரும், கவலப்படாதீங்க,” என்றார் அவர். “அதோட ஒரு சின்னப் பொறுப்பு. நம்ம ஸ்டாஃப் எல்லாம் என்னென்னமோ எழுதுறாங்க, ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக், இன்ஸ்டா. எனக்குத் தெரியாதபடி மறைச்சு வேற வைக்கிறாங்க. உங்களுக்கு மறைக்க மாட்டாங்க. தெனம் ஒரு பார்வை பாத்து, சாயங்காலம் நாலு மணிக்கு யார் என்ன போட்டாங்கன்னு எனக்கு ஒரு லிஸ்ட். போலீஸ் வேல இல்ல மேடம், காலேஜ் பேரக் காப்பாத்துற வேல. உங்கள மாதிரி நாகரிகம் தெரிஞ்சவங்கதான் பாக்கணும்னு ஐயாவே உங்க பேரச் சொன்னாரு.” இப்போது சொல்லலாம். சார், அது உங்களுக்குக் காட்டப் போட்டது இல்லை, உங்களுக்குத் தெரியக் கூடாது என்று போட்டது, கை தவறிவிட்டது, இரண்டே வாக்கியம், சொன்னால் லிஸ்ட் இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை. வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்து நின்றது, அதன் எழுவாயும் பயனிலையும்கூட அவளுக்குத் தெரிந்தன. சான்றிதழ் நகல்கள், பிளாஸ்டிக் நாற்காலி, நீங்க யாருக்குத் துணையா வந்தீங்க அக்கா. “சரிங்க சார்,” என்ற குரல் கேட்டது. “நன்றி சார்.” அவளுடைய குரல்தான்.

நடைபாதையில் வெயில் விழுந்திருந்தது. அவள் அலுவலகத்தைத் தாண்டுவதற்குள் ஊழியர் குழுவில் முதல்வரின் அறிவிப்பு வந்துவிட்டது, கல்லூரி விளம்பரத்தில் இருந்த பிழையை உரியவர்களின் கவனத்துக்கு மட்டும் கொண்டுவந்த முனைவர் செண்பகவல்லிக்குப் பாராட்டுகள், இன்று முதல் அவரே சமூக ஊடகப் பொறுப்பாளர். மட்டும் என்ற சொல்லில் அவள் கண் தடுக்கி நின்றது. எல்லோரும் வாசித்திருப்பார்கள், எல்லோரும் அதைச் சரியாகவே வாசித்திருப்பார்கள், மூன்று பேருக்குத் தனியாகப் போட்டுக்கொடுத்துவிட்டு, ஒண்ணுமில்ல, போட மறந்துட்டேன் என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னவள். ஓடிப்போய் ஜெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அடியே நான் ஒரு முட்டாள்டி, கேளுடி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். ஆனால் கொட்டினால் அது எங்கே போய் நிற்கும், யார் காதில் போய் விழும். இனிமேல் உண்மையைச் சொல்லவும் பயப்பட வேண்டும். காலையில் இருந்த பயமாவது ஒழுங்கான பயம், மூன்று பேரைப் பார்த்து மட்டும்.

ஆசிரியர் அறைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது, ஜெனிட்டாவின் சிரிப்புதான் மேலே கேட்டது. அவள் கதவைத் தள்ளினாள். சிரிப்பு நின்றது. மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்தார்கள், ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை, எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள், மேசைமேல் இருந்த ஃபோன்கள் ஒவ்வொன்றாகக் குப்புறத் திரும்பின. அவளுடைய நாற்காலியில் ஜெனிட்டா பையை வைத்திருந்தாள், எடுத்தாள். பிறகு எழுந்து நின்றாள். அந்த அறையில் முதல்வர் வந்தாலே பாதி எழுந்து பாதி உட்காருகிறவள், நேராக எழுந்து நின்றாள்.

“வாங்க மேடம்,” என்றாள். “உக்காருங்க.”